என்இபி 5-ஆல்ஃபா காம்பிடென்ட் செல்கள்: லைகேஷனுக்கு வாங்கலாம், வெறும் பிளாஸ்மிடுக்கு வீண்செலவு

நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் (என்இபி) விற்கும் இந்தச் செல்கள் டிஎச்5 ஆல்ஃபா வகை ஈ. கோலை பாக்டீரியா. வெளியிலிருக்கும் டிஎன்ஏவை உள்வாங்கத் தயார்செய்யப்பட்டவை என்பதால் 'காம்பிடென்ட்'. பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தையோ, டிஎன்ஏ துண்டுகளை ஒட்டிய லைகேஷன் கலவையையோ இவற்றுக்குள் செலுத்துவோம். 50 மைக்ரோலிட்டர் டியூபாக வருவதை வாங்குங்கள். பெரிய டியூபில் மிஞ்சியதை மறுபடி உறைய வைத்தால் திறன் சரிந்துவிடும். −20 டிகிரி ஃப்ரீசரும் ஆகாது, −80 தான் வேண்டும்.

பியூசி19 என்ற சோதனைப் பிளாஸ்மிட் ஒரு மைக்ரோகிராமுக்கு 100 முதல் 300 கோடி காலனி என்பது நிறுவனத்தின் கணக்கு. கன்ட்ரோலாகக் கூடவே வரும் அதே பிளாஸ்மிடை வைத்தே இதைச் சோதிக்கலாம். 50 பிக்கோகிராம் போட்டு, கீழே சொல்லும் செய்முறையின் கடைசியில் கிடைக்கும் 1 மில்லிலிட்டரைப் பத்து மடங்கு நீர்த்து, அதில் 100 மைக்ரோலிட்டரைத் தட்டில் பரப்புங்கள். சுமார் 500 காலனி வந்தால் 100 கோடி சரி. ஐம்பதுதான் வருகிறது என்றால் முதலில் ஃப்ரீசரைச் சந்தேகப்படுங்கள்.

செய்முறையில் அவசரம் கூடாது. பனிக்கட்டியில் 10 நிமிடம் உருக விட்டு, 1 முதல் 5 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ சேர்த்து, டியூபை விரலால் நாலைந்து முறை சுண்டுங்கள். வோர்டெக்ஸ் என்ற அதிவேகக் குலுக்கியில் வைத்தால் செல் செத்துவிடும். பனிக்கட்டியில் 30 நிமிடம், 42 டிகிரியில் சரியாக 30 விநாடி, மறுபடி பனிக்கட்டியில் 5 நிமிடம். பிறகு 950 மைக்ரோலிட்டர் எஸ்ஓசி (செல்கள் தேறும் ஊட்டக் கரைசல்) ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்க வேண்டும். பிளாஸ்மிட் வாங்கிய செல் மட்டும் பிழைக்க, தட்டில் ஆன்டிபயாட்டிக் மருந்து இருக்கும். அது ஆம்பிசிலின் என்றால் இந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்தாலும் தப்பிக்கலாம். கனமைசினுக்கு அது நடக்காது: பிளாஸ்மிட் தரும் எதிர்ப்புப் புரதம் உருவாகுமுன் மருந்தில் போட்டால் தட்டு காலியாகத்தான் இருக்கும்.

ஆம்பிசிலின் தட்டை ஓர் இரவுக்கு மேல் வைத்தால் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் காலனிகள் முளைக்கும். ஆம்பிசிலினைச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதி வெளியே கசிந்து அக்கம்பக்கத்து மருந்தைத் தின்றுவிடுவதுதான் காரணம். அவற்றில் பிளாஸ்மிட் இருக்காது, எடுக்காதீர்கள். ஆம்பிசிலினுக்குப் பதில் கார்பெனிசிலின் போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

கையேடு முழுக்க 'டிரான்ஸ்ஃபார்ம்' என்றே இருக்கும். பாக்டீரியா வெளியிலிருக்கும் டிஎன்ஏவை நேரே வாங்கிக்கொண்டால் அந்தச் சொல். ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) கொண்டுவந்து தந்தால் 'டிரான்ஸ்டியூஸ்'. விலங்குச் செல்லுக்குள் டிஎன்ஏ செலுத்தினால் 'டிரான்ஸ்ஃபெக்ட்'. அங்கே 'டிரான்ஸ்ஃபார்ம்' என்று எழுதினால், செல் புற்றுத்தன்மை அடைந்ததாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆய்வறிக்கை எழுதுவோர் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

இந்த விலைக்கு இதை லைகேஷன், டிஎன்ஏ நூலகம் (பலவகை டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு) போன்ற வேலைகளுக்கே வாங்கலாம். கையிலிருக்கும் பிளாஸ்மிடைப் பெருக்கிக்கொள்ள, கால்சியம் குளோரைடில் நாமே தயாரித்த செல்லே போதும். புரதம் எடுக்கவும் இது உதவாது, அதற்கு பிஎல்21 (டிஇ3) வகை ஈ. கோலை தான் வேண்டும்.

இன்னொன்று: இந்த வகையில் டாம் மெத்திலேஷன் உண்டு, அதாவது டாம் நொதி ஜிஏடிசி வரிசையில் மெத்தில் சேர்க்கும். டிஎன்ஏவை வெட்டும் எக்ஸ்பிஏ1 நொதியின் வெட்டுமிடம் ஜிஏடிசி வரிசையோடு மேற்கவிந்து வந்தால் அது வெட்டாது. அப்படிப்பட்ட பிளாஸ்மிடுக்கு டாம் இல்லாத வகையைத் தனியாக வாங்குங்கள்.