பெயில் உள்ள ரீலா, பெயில் இல்லாத ரீலா? வேலூரிலிருந்து கடல் தூண்டிலுக்குப் போகிறவர்களுக்கு

ஏரியிலும் அணைக்கட்டிலும் தூண்டில் போட்டுப் பழகிய வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்து ஆட்கள் கடற்கரைக்கு என்று தனியாக ஒரு ரீல் வாங்கும்போது, பெயில் என்ற கம்பி உள்ளதை வாங்குவதா, இல்லாததை வாங்குவதா என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. இரண்டு வகையையும் கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் மணலில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரையைப் போட்டுவிட்டு ராடை ஸ்டாண்டில் நிறுத்திக் காத்திருப்பவருக்குப் பெயில் உள்ள ரீல்தான் சரி. முழங்கால் அளவு அலையில் நின்றுகொண்டு, பின்னல் இழையான பிரெய்டு நரம்பில் லூரை (செயற்கை இரையை) ஓயாமல் வீசி இழுப்பவருக்கு மட்டும்தான் பெயில் இல்லாத ரீல் கொடுத்த காசுக்கு உழைக்கும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் இறாலும் மத்தியும் கோத்துக் கிழங்கான், கத்தாளை, காலா மீன்களுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பெயில் இல்லாத ரீல் தேவையில்லை.

நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் மேல் அரைவட்டமாக வளைந்து நிற்கும் கம்பிதான் பெயில். அதன் ஒரு முனையில் நரம்பு ஓடும் சிறு உருளையான லைன் ரோலர் இருக்கும், மறுமுனை, ஹேண்டிலைச் சுற்றும்போது ஸ்பூலைச் சுற்றி வரும் ரோட்டரின் எதிர்ப்பக்கத்தில் பொருந்தியிருக்கும். வீசுவதற்கு முன் கம்பியைத் திறக்கிறோம். வீசி முடித்து ஹேண்டிலைச் சுற்றியதும் ரோட்டருக்குள் இருக்கும் சின்ன நெம்பு ரீல் உடம்பில் உள்ள ஒரு மேட்டில் இடிக்கும், உடனே ஸ்பிரிங் கம்பியை மூடிவிடும், நரம்பு கம்பியில் வழுக்கிக்கொண்டு போய் ரோலரில் உட்காரும். பெயில் இல்லாத ரீலில் கம்பி, ஸ்பிரிங், நெம்பு மூன்றுமே கிடையாது. ரோலர் மட்டும் அசையாமல் நிற்கும், நரம்பை அதில் ஏற்றுவது ஆள்காட்டி விரலின் வேலை. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1905-ல் இங்கிலாந்தில் வந்த இல்லிங்வொர்த் ரீலில் பெயில் கிடையாது, முழு பெயில் 1930-களில் ஹார்டி ஆல்டெக்ஸோடுதான் பரவியது. அமெரிக்கக் கடற்கரைத் தூண்டில்காரர்கள் பென் 706இசட், வான் ஸ்டால் போன்ற பெயில் இல்லாத ரீல்களை இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறார்கள். காரணம், பாறைமேல் நின்று அலையில் நனைந்தபடி இரவெல்லாம் லூர் வீசும் அவர்களுடைய முறை.

பெயிலின் பெரிய குறை, வீசும் நடுவிலேயே அது மூடிக்கொள்வது. 100 கிராமுக்கு மேல் ஈயம் கட்டி முழு பலத்தோடு வீசும்போது ராடு சுழலும் வேகத்தில் ரோட்டரும் கொஞ்சம் நகரும். நெம்பு மேட்டைத் தாண்டிவிட்டால் கம்பி படக்கென்று மூடும், பாய்ந்து போகிற நரம்பு அந்த இடத்திலேயே அறும், ஈயம் தனியாகப் பறக்கும். கூட்டம் இருக்கும் கடற்கரையில் இது உயிருக்கே ஆபத்து. தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த நெம்பு, ரோட்டரைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையம் தேய்ந்துபோனது அல்லது அந்த வளையமே இல்லாதது, இவைதான் பெரும்பாலும் காரணம். சோதிப்பது சுலபம். நரம்பு இல்லாமல் பெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டரைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். எந்த இடத்தில் கம்பி மூடுகிறது என்று பார்த்து ரோட்டரில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வீசும்போது அந்த இடத்தை இப்போதுதான் தாண்டிய நிலையில் ரோட்டரை நிறுத்தினால், அது மறுபடி மூடுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று நகர வேண்டும். அவ்வளவு தூரம் வீச்சில் நகராது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பெயிலைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும்.

வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க நரம்பின் முன்னால் கட்டும் தடித்த துண்டான ஷாக் லீடரில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு இழுவை தாங்கும் லீடர் என்பது பழைய கணக்கு. நாலு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் கட்டினால் 40 பவுண்டு லீடர். வீசத் தயாராகும்போது அது ஸ்பூலில் நாலைந்து சுற்றாவது இருக்கணும். பிரெய்டும் லீடரும் சேரும் முடிச்சு ஸ்பூலின் அடிப்பக்கம் உட்கார வேண்டும், விளிம்புப் பக்கம் இருந்தால் கிளம்பும்போது விரலைக் கிழித்துக்கொண்டு போகும். இது இரண்டு வகை ரீலுக்கும் பொது.

பெயிலின் அடுத்த குறையில் பாதி ரீலுடையது, பாதி நம்முடைய பழக்கம். ஹேண்டிலைச் சுற்றி பெயிலை மூடினால், தளர்ந்து கிடக்கும் நரம்பு ஸ்பூலின் மேல் ஒரு சிறு வளையமாக விழும். அடுத்த சுற்றுகள் அதன்மேல் ஏறி அமுக்கிவிடும். மறுபடி வீசும்போது அந்த வளையம் பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பி, ராடில் நரம்பு நுழையும் முதல் வளையத்தில் பெரிய சிக்காக நிற்கும். பிரெய்டில் இது நடந்தால் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தீர்வு கையிலேயே இருக்கிறது. ஈயம் தண்ணீரைத் தொடும் நேரத்தில் விரலால் ஸ்பூல் விளிம்பைத் தொட்டு நரம்பை நிறுத்துங்கள், பெயிலை இடது கையால் மூடுங்கள், ரோலருக்கு மேலே நரம்பைப் பிடித்து ஒரு முறை விறைப்பாக இழுத்து அது ரோலரில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு ஹேண்டிலைத் தொடுங்கள். பெயில் இல்லாத ரீலில் சிக்கு குறைவு என்று புகழ்வதற்கு உண்மையான காரணம் இதுதான். அங்கே விரல் விறைப்பு கொடுத்தே தீர வேண்டும், வேறு வழி இல்லை. அதே விறைப்பைக் கையால் மூடியும் கொடுக்கலாம்.

கம்பி வளைவதும் நம்மவர்களுக்கு அதிகம். வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மணிக்கணக்கில் போகும் வண்டியில், டிக்கியில் ராடோடு மாட்டிய ரீல்மேல் ஐஸ் பெட்டி ஏறி உட்கார்ந்துவிடும். கொஞ்சம் வளைந்த கம்பிகூட ஸ்பூல் விளிம்பில் உரசும், மூடும்போது பாதியில் நிற்கும். ரீலைத் தனியாகக் கழற்றி, கம்பியை மூடிய நிலையில், துணிப்பையில் சுற்றி மேலாகவே வைக்க வேண்டும். கம்பியும் ரோலரும் சேரும் மூட்டில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் பிரெய்டும் அங்கே மாட்டும்.

பெயில் இல்லாத ரீலைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் சுற்றுகின்றன, இரண்டும் சரியில்லை. தூரம் கூடும் என்கிறார்கள். நரம்பு ஸ்பூலை விட்டுக் கிளம்பும்போது திறந்த பெயிலும் குறுக்கே இல்லை, அதனால் தூரம் ஸ்பூல் விளிம்பையும் நரம்பின் தடிமனையும் பொறுத்தது. ஸ்பூல் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பினால் கிடைக்கும் தூரத்தைப் பெயில் இல்லாமை தராது. முறுக்கு வராது என்பது அடுத்தது. மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது ஹேண்டிலைச் சுற்றினால், ரோட்டரின் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு விழும். ரோலர் இறுகிப்போனாலும் முறுக்கு வரும். இரண்டிலும் பெயிலுக்குச் சம்பந்தம் இல்லை. உண்மையான லாபம் வேறு: வீச்சின் நடுவே மூடுவதற்கு ஒன்றும் இல்லை, வளைவதற்குக் கம்பி இல்லை, உடைவதற்கு ஸ்பிரிங் இல்லை, உப்பும் மணலும் போய் உட்காரும் அசையும் மூட்டுகள் குறைவு.

அதைப் பயன்படுத்தும் முறையை நிதானமாகப் பார்ப்போம். ஈயம் ராடு நுனிக்குக் கீழே முக்கால் மீட்டர் தொங்கட்டும். ரோலர் ராடு தண்டுக்கு நேர் கீழே, உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அருகே வரும்வரை ஹேண்டிலைத் திருப்புங்கள். விரல் நுனியால் நரம்பைக் கொக்கி போட்டு ரோலரின் திறந்த பக்கமாகக் கழற்றுங்கள். நரம்பை விரலில் பிடித்தபடியே ஹேண்டிலை முன்பக்கமாகச் சிறிதே அசைத்து, ரோலரைக் கால் சுற்று தள்ளிவிடுங்கள். கியர் விகிதம் 5.6:1 என்றால் ஹேண்டிலின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் 5.6 முறை சுற்றும், ஆகவே இந்த அசைவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ரோலரைத் தள்ளாமல் வீசினால் கிளம்பும் நரம்பு அதில் மாட்டி அறும். வீசியபின் ஈயம் இறங்கும்போது விரல் ஸ்பூல் விளிம்பை வருடிக்கொண்டே இருக்கட்டும். விழுந்ததும் நரம்பை விளிம்போடு அமுக்கி, ராடு நுனியை உயர்த்தித் தளர்ச்சியை எடுங்கள். பிறகு நரம்பை விரலில் கொக்கி போட்டுச் சற்று மேலே தூக்கிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினால், ரோலர் சுற்றி வந்து நரம்பைத் தானே வாங்கிக்கொள்ளும். ரோலரில் கனம் ஏறியது தெரிந்த பிறகே விரலை எடுக்க வேண்டும்.

தப்புவது எங்கே என்றால், நரம்பு தளரும் ஒவ்வொரு இடத்திலும். அலை ஈயத்தைக் கரைப்பக்கம் உருட்டும்போதும், மீன் நம்மை நோக்கி ஓடிவரும்போதும், காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும் நரம்பு ரோலரை விட்டு இறங்கிவிடும். அப்போது ஹேண்டில் கனமே இல்லாமல் சுற்றும். அந்த உணர்வு வந்த நொடியே சுற்றுவதை நிறுத்தி, ஸ்பூலுக்கு மேலே நரம்பைக் கையால் பிடித்து மறுபடி ரோலரில் ஏற்றுங்கள். விடாமல் சுற்றினால் பிரெய்டு ரோட்டருக்கு அடியில் தண்டில் சுற்றிக்கொள்ளும், ஸ்பூலைக் கழற்றாமல் அது வெளியே வராது. பிவிசி குழாய் ஸ்டாண்டில் நிறுத்திவைத்த ராடுக்குப் பெயில் இல்லாத ரீல் ஒத்துவராது என்று சொல்வதும் இதனால்தான். நாம் பார்க்காத நேரத்தில் நரம்பு இறங்கியிருக்கும், பாறை மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது டிராக் பக்கமே போகாமல் ஸ்பூலிலிருந்து நரம்பு வளையம் வளையமாகக் கொட்டும். வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம் கரையில் அலையும் காற்றும் சேர்ந்து இதையே செய்துகொண்டிருக்கும். சென்னைக் கரையில் ஓத ஏற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான், ஆனாலும் கரையை ஒட்டி உடையும் அலை நரம்பைத் தளர்த்தப் போதுமானது.

வாங்கும்முன் செய்ய வேண்டிய ஒரே சோதனை விரல் எட்டுகிறதா என்பது. ரீலை உங்கள் ராடில் மாட்டி, ஸ்பூல் முழுதாக மேலே ஏறிய நிலையில், ரீல் காலைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். நுனி ஸ்பூல் விளிம்பைச் சுலபமாகத் தொட வேண்டும். பெரிய ரீல்களில் கால் நீளமாக இருப்பதால், சிறிய கைக்கு எட்டாது. எட்டாதவர் பெயில் இல்லாததை வாங்கவே வேண்டாம். பென் ஸ்பின்ஃபிஷர் VI வரிசையில் 4500, 6500 அளவுகள் பெயில் இல்லாமலும் வந்திருக்கின்றன. நடுத்தரக் கைக்கு 4500 வசதி. 12 அடி ராடில் 100 கிராம் ஈயம் போடுவதற்கு 6500 பொருத்தம். அந்த வரிசையின் ஐபிஎக்ஸ்5 என்பது பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் தரம் மட்டுமே, அலையில் முக்கி எடுப்பதற்கான உத்தரவாதம் அது இல்லை.

பழகுவதற்குக் கடல் தேவையில்லை. வறண்டு கிடக்கும் பாலாற்று மணல் போதும், விடியற்காலையில், முன்னால் இருநூறு மீட்டருக்கு ஆளோ மாடோ இல்லாத இடத்தில். முள் இல்லாமல் வெறும் ஈயம் கட்டி, முதலில் பாதி பலத்தில் வீசுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நரம்பை ரோலரில் ஏற்ற முடிகிறவரை இரவுத் தூண்டிலுக்கு அந்த ரீலை எடுத்துப் போக வேண்டாம். விரலுக்கு ரப்பர் உறை அல்லது இரண்டு சுற்று மருத்துவப் பிளாஸ்திரி கட்டாயம். 20 பவுண்டு பிரெய்டு நனைந்த தோலைச் சத்தமில்லாமல் அறுக்கும். மாதக்கணக்கில் கடலுக்குப் போகாதவர்களுக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகும். ஊரிலிருந்து கடல் தூரமாக இருப்பவர்களுக்கு நாங்கள் பெயில் உள்ளதையே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருக்கும் ரீலின் கம்பியை வெட்டிவிட்டுப் பெயில் இல்லாததாக மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கம்பியின் எடையையும் கணக்கில் வைத்துத்தான் ரோட்டர் சமன் செய்யப்பட்டிருக்கும். கம்பி போனால் வேகமாகச் சுற்றும்போது ரீல் ஆடும், பேரிங் சீக்கிரம் தேயும். எதிர் எடையோடு வரும் மாற்றுப் பாகம் உங்கள் மாடலுக்கு என்றே கிடைத்தால் செய்யலாம், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு செய்யும் வேலை இரண்டு வகைக்கும் ஒன்றுதான். மூன்று மணி நேரம் சூடான வண்டியில் உப்பு காய்ந்து ரோலரில் படிகமாகிவிடும் என்பதால், கடற்கரையிலேயே ஒரு பாட்டில் நல்ல தண்ணீரால் ரோலரையும் பெயில் மூட்டையும் ஒரு முறை நனைத்துத் துடைத்துவிட வேண்டும். வீட்டில் டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய தூறலாகத் தண்ணீர் விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி, ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். டைவாவின் மேக்சீல் ரோலராக இருந்தால் எண்ணெய் விடக்கூடாது, உள்ளே இருக்கும் காந்தத் திரவம் கெட்டுவிடும். ரோலரைக் கழற்றுவதானால் வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள், ஒரு வாஷர் இடம் மாறினாலும் ரோலர் சுற்றாது. பெயில் உள்ள ரீல் வைத்திருப்பவர் உங்கள் மாடலுக்கான ஸ்பிரிங் ஒன்று, ரோலர் திருகு ஒன்று, பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் சின்ன டப்பாவில் போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். மரக்காணம் மணலில் ஸ்பிரிங் உடைந்தால் மாற்றப் பத்து நிமிடம் ஆகும். கையில் அது இல்லாவிட்டால், பெயிலை ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூடி அன்றைய பொழுதை ஓட்டலாம்.