தரையில் கோடா, காதில் தாளமா? பார்க்கின்சன் நடைக்கு எது எங்கே உதவும்

பார்க்கின்சன் நோய் உள்ளவர் விறாந்தையில் தடையின்றி நடந்து வந்து, குசினி வாசலில் அப்படியே நின்றுவிடுவார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போலிருக்கும், உடம்பு மட்டும் முன்னே சாயும். அதே ஆளைப் படி ஏறச் சொன்னால் பெரும்பாலும் ஏறிவிடுவார். படியின் விளிம்பு கண்ணில் படுகிறது, அதுதான் வித்தியாசம். தானாக ஓடவேண்டிய நடையை மூளை ஓட்டத் தவறும்போது, வெளியிலிருந்து வரும் ஒரு குறிப்பு அந்த வேலையை வேறு வழியால் செய்விக்கிறது. குறிப்பைக் கண்ணுக்கும் கொடுக்கலாம், காதுக்கும் கொடுக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே குறையைத் திருத்துவதில்லை.

காலடி வைக்கும் எட்டு சிறுத்துப்போனவருக்கும் வாசலில் உறைந்து நிற்பவருக்கும் முதலில் கோடுதான். ஒரு அங்குல அகல ஒட்டுநாடாவை (ரேப்) நடக்கும் திசைக்குக் குறுக்காக ஒட்டுங்கள். நீளம் ஒன்றரை அடி போதும். இப்போது 30 சென்ரிமீற்றர் எட்டு வைப்பவருக்குக் கோடுகளின் இடைவெளியை 40இல் தொடங்கி, ஒரு கிழமை இடறாமல் நடந்தால் 50க்குக் கூட்டலாம். எடுத்தவுடன் 60 வைத்தால் தாவப் பார்ப்பார், விழுவார். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துக்கு வெள்ளை ரேப், சாம்பல் தரைக்கு மஞ்சள், வெள்ளை மாபிளுக்குக் கறுப்பு. தரையின் நிறத்தோடு கலந்துபோகும் கோடு போடாத கோடுதான். வாசலில் நிலைக்கு முன் மூன்று, தாண்டியபின் இரண்டு ஒட்டினால் நல்லது. பலர் முன்னால் மட்டும் ஒட்டிவிட்டு, ஆள் நிலைக்கு நடுவில் நிற்கிறாரே என்று யோசிப்பார்கள்.

கோட்டை மிதிக்கக்கூடாது, தாண்டவேண்டும். குதி முதலில் தரையில் படவேண்டும். காலடியையே பார்த்து நடந்தால் ஏற்கெனவே வளைந்த முதுகு இன்னும் வளையும். ஆகவே பார்வை இரண்டு கோடு முன்னே இருக்கட்டும். தரை கழுவக் கழுவ ரேப்பின் ஓரம் சுருளும், சுருண்ட ஓரமே காலைத் தடுக்கும். நிரந்தரமான இடத்தில் பெயின்ற் அடித்துவிடுவது மேல்.

கோட்டின் பலவீனம், அது படலையைத் தாண்டி வராது. ஒழுங்கையிலோ நல்லூர் வீதி மணலிலோ உறைந்துவிட்டால், துணைக்கு வந்தவர் தன் பாதத்தைக் குறுக்கே வைத்து, “அப்பா, என்ர காலைத் தாண்டி வையுங்கோ” என்று சொன்னால் பலருக்குக் கால் கிளம்பும். கையைப் பிடித்து முன்னால் இழுப்பதுதான் ஆகாத வேலை. மேலுடம்பு வந்துவிடும், பாதம் அங்கேயே நிற்கும்.

தாளம் எங்கும் கூட வரும். கைத்தொலைபேசியில் சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் செயலி ஒன்று போதும். ஆனால் வேகத்தைக் கணக்குப் பார்த்து வைக்கவேண்டும். வழமையாக நடக்கவிட்டு 30 விநாடியில் எத்தனை அடி என்று எண்ணி இரட்டிப்பாக்குங்கள். 48 அடி என்றால் நிமிடத்துக்கு 96. உறைதல் இல்லாதவருக்குப் பத்து வீதம் கூட்டி ஏறத்தாழ 105, உறைபவருக்குப் பத்து வீதம் குறைத்து 86. இதை மாற்றி வைப்பதுதான் நாம் அதிகம் காணும் பிழை. உறைபவருக்கு வேகத் தாளம் கொடுத்தால் எட்டு இன்னும் குறுகி, ஓட்டமும் நடையுமாகப் போய் முகம் குப்புற விழுவார். பாட்டும் உதவும், அடி சீராக விழும் பாட்டாக இருந்தால். தவில் தனியாவர்த்தனம் கேட்கச் சுகம், நடக்க உதவாது.

சுருக்கமாகப் பார்த்தால் கோடு எட்டை நீட்டும், தாளம் அடிகளைச் சீராக்கும். உறைபவரின் வீட்டில் கோடு இல்லாமல் தாளத்தை மட்டும் நம்பமாட்டோம்.

சமநிலைக்கு இரண்டுமே போதாது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 195 பேர் மூன்று குழுவாக, கிழமைக்கு இரண்டு தடவை, ஒரு மணி நேரம் வீதம் 24 கிழமை பயின்றார்கள். உடம்பை நிலைநிறுத்துவதில் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்த குழு மற்ற இரண்டையும் முந்தியது. விழுதலில் தசைநீட்டல் குழுவை வென்றது, தசைவலுப் பயிற்சிக் குழுவை வெல்லவில்லை. ஆகவே தாய்ச்சி ஆசிரியரைத் தேடி அலையவேண்டியதில்லை. மெதுவாக ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றுவதும், கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்புவதும் வீட்டிலேயே செய்யலாம். எழும்பும்போது பாதம் முழங்காலுக்குப் பின்னே, மூக்கு கால்விரலுக்கு நேரே. நிமிர்ந்தபடி எழும்பினால் திரும்பவும் கதிரையில் விழுவார். பின்னோக்கிப் பெரிய எட்டு வைக்கும் பயிற்சியைச் சுவர் மூலையை முதுகுப்பக்கமாக வைத்துச் செய்யவேண்டும்.

எல்எஸ்விடி பிக் என்ற பெரிய அசைவுப் பயிற்சியும் நல்லதுதான். ஆனால் கிழமைக்கு நான்கு நாள், நான்கு கிழமை, 16 அமர்வு. குறிகட்டுவானில் படகேறிப் போகும் நெடுந்தீவு ஆளுக்கு அது சரிவராது.

எதைச் செய்தாலும் திரும்பும் இடத்தில் கவனம். ஒரு காலில் சுழலாமல், பெரிய வளைவாக நடந்து திரும்பவேண்டும். குளியலறையில் இடமில்லை என்றால், மணிக்கூட்டு முகத்தை நினைத்து 12, 3, 6 என்று காலைத் தூக்கித் தூக்கி வைக்கலாம். கிணற்றடியில் வாளியும் கையுமாகத் திரும்பவே கூடாது. சாரத்தைக் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள், பின்வார் இல்லாத றப்பர் செருப்பைக் கழற்றிவிடுங்கள். பார்க்கின்சனுக்கான லெவோடோபா குளிசை வேலை செய்யும் நேரத்திலேயே, பலருக்குப் போட்டு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில், புதிய பயிற்சியைத் தொடங்குங்கள்.