பேனரில் யார்: மரடோனாவா, மெஸ்ஸியா?

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களான தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கால்பந்து உலகக்கோப்பை வந்தால், ரசிகர் பேனரில் அர்ஜென்டினாவின் எந்த நாயகன் படம் என்ற இந்தச் சண்டையும் வந்துவிடும்.

கோப்பை: மரடோனா 1986, மெஸ்ஸி 2022. இதில் பேச ஒன்றுமில்லை.

களத்துக்கு வெளியே: மரடோனாவுக்கு 1991-இல் கோகைன் பயன்படுத்தியதால் 15 மாதத் தடை, 1994 உலகக்கோப்பையில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பாதியிலேயே வெளியேற்றம். மெஸ்ஸிக்கு 2016-இல் ஸ்பெயினில் வரி ஏய்ப்பு வழக்கில் 21 மாதத் தண்டனை, சிறைக்குப் போகவில்லை.

ரசிகர் மனம்: வரிக் கணக்கை இங்கே யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்! போதை அப்படியல்ல, குடியால் அல்லற்படும் வீட்டுப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். வலை பின்னும் பெரியவர்களோ மரடோனாவை விட்டுக்கொடுப்பதே இல்லை. தன் போதைப் பழக்கத்தை அவரே வெளிப்படையாகப் பேசினார் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது பாதி நியாயமாகவே படுகிறது.

சிறுவர் பயிற்சி முகாமுக்கு மெஸ்ஸி படம் போதும். கடற்கரை டூர்னமென்டுக்கு மரடோனாதான்.