விண்டோஸுக்குள் லினக்ஸ்: பாம்பன் ஏலக் கணக்கில் டபிள்யூ.எஸ்.எல்.

பாம்பனில் உள்ள எங்கள் மீன் கமிஷன் கடையின் பில் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதால், லினக்ஸுக்கு முழுதாக மாறும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை. ஆகவே விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸின் கமாண்ட் லைன் கருவிகளை, அதாவது கட்டளை எழுதி இயக்கும் கருவிகளைத் தரும் டபிள்யூ.எஸ்.எல்.லை (விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபார் லினக்ஸ்) நிறுவிக்கொண்டோம். இது 2016இல் அறிமுகமானது. இதன் இரண்டாம் பதிப்பு 2020 முதல் லினக்ஸின் மையப்பகுதியான அசல் கெர்னலையே ஒரு சிறு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளால் அமையும் கணினி) இயக்குகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையுடன் திறந்து ஒரே கட்டளை கொடுத்து, கணினியை மறுபடி இயக்கினால் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்துவிடும். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும்.

இதன் அருமை படகுவாரிக் கணக்கில் தெரிகிறது. நாளுக்கு ஒன்றாகச் சேரும் சி.எஸ்.வி. கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகள்) எக்செலில் ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் பதிவெண் கொண்ட வரிகளை க்ரெப் என்ற கருவி பொறுக்கித் தர, ஆக் அவற்றின் எடையைப் படகு வாரியாகக் கூட்ட, சார்ட் இறங்குவரிசையில் அடுக்க, ஒன்றின் விடையை அடுத்ததற்குத் தரும் பைப் குறியால் மூன்றையும் கோத்த ஒரே வரி ஆண்டுக் கணக்கு முழுவதையும் முடித்துவிடுகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால், அந்நாட்களை நாட்டுப்படகுக் கணக்கிலிருந்து நீக்காமல் விசைப்படகுச் சராசரியிலிருந்து மட்டும் நீக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ஆக் கட்டளையில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

தமிழில் எழுதிய கணக்குக்குத்தான் கவனம் வேண்டும். விண்டோஸ் கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும். வரி ‘சங்காயம்’ என்று முடிகிறதா என, வரி முடிவைக் குறிக்கும் டாலர் குறியிட்டுத் தேடினால், பிழைச் செய்தி எதுவும் வராமல் விடை வெறுமையாக வரும். பிழையென்று சொல்லாத பிழை என்பதால் இதுவே ஆபத்தானது. டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு நிரலால் கோப்பை முதலில் மாற்றிக்கொள்வது நல்லது. வரிசைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு எண்வரிசையில் ளகரம் வகரத்துக்கு முன் நிற்பதால், மொழி அமைப்பு ‘சி’ என்ற நிலையில் இருக்கும்போது சார்ட் வாளை மீனை வாவல் மீனுக்கு முன் வைக்கிறது. நம் அகரவரிசைப்படி வாவல்தான் முந்தி வர வேண்டும். டெர்மினல் திரையில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரிவதும் உண்டு. ஆனால் கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும். நோட்பேடில் திறந்தால் தெரியும்.

சி டிரைவில் உள்ள கோப்புகளை இரண்டாம் பதிப்பு மெதுவாகவே படிக்கும் என்பதால், கோப்புகள் மிகுந்தால் அவற்றை உபுண்டுவின் சொந்தக் கோப்புறைக்கு மாற்றிவிடலாம். நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும் இயல்பும் இதற்கு உண்டு. 8 ஜி.பி. உள்ள கணினிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 4 ஜி.பி. மட்டுமே உள்ள பழைய கடைக் கணினிக்கு, விண்டோஸிலேயே இயங்கும் கிட் பாஷ் என்ற கட்டளை நிரல் போதும். மெய்நிகர் கணினி எதுவுமின்றி க்ரெப், ஆக், சார்ட் மூன்றும் அதிலேயே கிடைக்கின்றன.