லேபிள் இல்லாத ‘ரோஸ் மருந்து’ விற்கிறார்கள், மதுரைக்காரர்கள் கவனம்

மாடியில் பன்னீர் ரோஸும் பட்டன் ரோஸும் வைத்திருக்கிறேன். வெயில் ஏற ஏற மொட்டெல்லாம் ஓரம் கருகி, பாதி விரிந்தும் விரியாமலும் நின்றுவிட்டது. செடி வாங்கிய நர்சரியிலேயே கேட்டேன் (பெயர் வேண்டாம், ஊருக்குள்தான்). கடைக்காரர் மொட்டைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. “மொட்டுப்புழுக்கா. இது மூலிகைக் கரைசல், லிட்டருக்கு ஒரு மூடி ஊத்தி அடிங்க, ஒண்ணு நிக்காது” என்று ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மேலே மார்க்கர் பேனாவில் ‘ரோஸ்’ என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். 350 ரூபாய். பில் கேட்டதற்கு, “ஜிபே பண்ணிருங்கக்கா, பில்லெல்லாம் போடுறதில்ல.”

தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்தது. மூடியைத் திறந்தாலே மண்ணெண்ணெய் நெடி, கண் எரிச்சல். எந்த மூலிகையில் இந்த வாடை வரும்? அடித்த பிறகு கொழுந்து கருகியது. மொட்டு அப்படியேதான் இருந்தது. கொஞ்ச நாளில் இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை, இலையெல்லாம் புள்ளி புள்ளியாக மஞ்சள்.

திரும்பப் போய்க் கேட்டால், “உங்க மாடியில வெயில் ஜாஸ்திக்கா” என்று சொல்லி இன்னொரு பாட்டிலை எடுக்கிறார்!

ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் தெரிந்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். மொட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினார். வைக்கோல் நிறத்தில் நூல் துணுக்கு போல ஏழெட்டு ஓடின. இலைப்பேன்! மொட்டுப்புழு என்றால் மொட்டில் ஓட்டை இருக்கும், பக்கத்தில் எச்சம் கிடக்கும். இலைப்பேன் இதழ் மடிப்புக்குள் ஒளிந்து சாறு உறிஞ்சுவதால் மேலாக அடிக்கும் மருந்து அதைத் தொடாது. அந்தக் கண்ட மருந்தில் பொறிவண்டு மாதிரி நன்மை செய்யும் பூச்சிகள்தான் செத்திருக்கும், அதனால்தான் நூலாம்படை கட்டும் சிலந்திப்பேன் கிளம்பிவிட்டது என்றார்.

இப்போது செய்வது: கெட்ட மொட்டைக் கிள்ளிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுகிறேன், தொட்டியிலேயே போட்டால் இலைப்பேன் மறுபடி செடியில் ஏறிவிடும். இலைப்பேன் வந்து ஒட்டிக்கொள்ள நீல நிற ஒட்டும் அட்டை தொங்குகிறது. சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலைக்கு அடியிலும் படுகிற மாதிரி அடிக்கிறேன். ஒருமுறை அடித்தால் போதாது, முட்டையிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

பூச்சிமருந்து என்று யார் விற்றாலும் லேபிளில் மருந்தின் பெயர், பதிவு எண், பேட்ச் எண், காலாவதி தேதி, நஞ்சின் அளவைக் காட்டும் வண்ணக் குறி எல்லாம் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விற்க உரிமம் வேண்டும், வேறு பாட்டிலில் ஊற்றி விற்கவே கூடாது. நாம் தலையில் வைக்கிற பூ, சாமிக்குப் போடுகிற பூ. பன்னீர் ரோஸ் என்றால் குல்கந்துக்கும் போகும். அதில் என்ன விஷம் என்றே தெரியாமல் அடிக்கச் சொல்கிறார்கள், வயிறு எரிகிறது.

மீதிப் பாட்டிலை வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் புகாரோடு கொண்டுபோகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம். இப்படி வாங்கியவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள், பாட்டிலையும் சாக்கடையில் கொட்டாதீர்கள்.