கெனன் 100 எஃப் 3.5: லென்ஸ் தங்கம், அந்த 34 மில்லிதான் சனியன்

கொழும்புக்குத் துப்பரவாக்க அனுப்பின லென்ஸ் போன கிழமைதான் திரும்பி வந்தது, அதுக்கிடையில யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலித் தம்பி ஒராள் "அண்ணை, நானும் ஒரு பெஸ்ஸா ஆர் எடுத்திட்டன், ஆக்கள எடுக்க மலிவா ஒரு 85, 90, 100 மில்லி லென்ஸ் சொல்லுங்கோ, உங்கட கெனன் 100 எப்பிடி" எண்டு மெசேஜ் போட்டிருந்தான். ஒருத்தனுக்குத் தட்டினால் நாலு பேர் கேப்பினம், அதான் இஞ்சயே எழுதிறன்.

என்ர கமெராப் பொடி கெனன் பி. அதுவும் தம்பின்ர பெஸ்ஸா ஆரும் லென்ஸுக்குள்ளால பாக்காம தனி யன்னலால (வியூபைண்டர்) பாத்து எடுக்கிற பிலிம் கமெராக்கள். இதை வாங்கேக்க லென்ஸின்ர கூர்மையப் பற்றி நான் பெரிசா யோசிக்கேல்ல, வியூபைண்டருக்க என்ன கோடு கிடக்கு எண்டுதான் பாத்தது, எந்த லென்ஸுக்கு எவ்வளவு படத்தில விழும் எண்டு அந்தக் கோடுதான் காட்டும். பி க்குள்ள 35, 50, 100 மூண்டு கோடும் எந்த நேரமும் ஒண்டாத் தெரியும், 85 க்கும் இல்லை 90 க்கும் இல்லை. 85 வாங்கினால் மேல தனியா ஒரு பைண்டர் கொழுவோணும், அதுக்கு வேற காசு. 2022ல டொலர் 200ல இருந்து 360 மட்டும் ஏறினதுக்குப் பிறகு வெளியில இருந்து எதை எடுப்பிக்கிறதெண்டாலும் வயித்தைக் கலக்குது, அதோட தபால், கஸ்டம்ஸ். அப்ப 100 எடுத்தன், அது சரிதான்.

ரஷ்யன் ஜூபிட்டர் 9 ஐயும் கன பேர் சொல்லுவினம். 85 எஃப் 2 (எஃப் எண் சின்னனெண்டால் லென்ஸ் கூடத் திறக்கும்), ஜெர்மன்காரன் சைஸ் (Zeiss) கொம்பனியின்ர பழைய சொன்னார் லென்ஸப் பாத்துச் செய்தது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பிளேட் 15, பின்பக்கம் கரையிறது சரியான வடிவு, அதில நான் பொய் சொல்லேல்ல. ஆனா ரஷ்யன் லென்ஸ் எல்லாம் சைஸின்ர கொன்டக்ஸ் கமெராவின்ர போக்கஸ் அளவை அடியா வைச்சுச் செய்தது, கமெராவில முறுக்கிற புரி மட்டும்தான் எங்கட கமெராக்களில இருக்கிற லைக்காப் புரி. அதால தூரத்தில சரியா நிக்கிற போக்கஸ் கிட்ட வரேக்க விலகும், 50 இல அவ்வளவு தெரியாது, 85 இல முழுசாத் திறந்து எடுத்தால் கண்ணைப் பிடிச்ச போக்கஸ் காதில போய் இருக்கும். இஞ்ச அதை ஷிம் எண்டிற மெல்லிய தகடு வைச்சுச் சரிக்கட்ட ஆரிட்டக் குடுக்கிறது?

100 இல எனக்கு அடிச்ச லக் என்னண்டால், பி யின்ர பைண்டர் ஒண்டுக்கு ஒண்டு, வெறுங்கண்ணுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளுக்கயும். ரெண்டு கண்ணையும் திறந்து வைச்சுக் கொண்டு பாக்கலாம், வெளியில ஒரு பெட்டி மிதக்கிற மாதிரித் தெரியும், அவ்வளவுதான். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்குப் போனால் இதின்ர அருமை விளங்கும். அந்தப் பெரிய பெரிய பட்டங்கள் எழும்பேக்க எந்தப் பக்கத்தால கோட்டுக்குள்ள வரப்போகுது எண்டு முதலே கண்ணுக்குத் தெரியுது, கயிறு பிடிக்கிற பெடியள் சரியிறது தெரியுது, அந்த நேரத்துக்கு அமத்தினால் காணும். லென்ஸுக்குள்ளாலயே பாக்கிற எஸ்எல்ஆரில 100 போட்டு இதே பட்டத்தைத் தேடிப் பாருங்கோ, வெறும் வானத்தைத்தான் படம் பிடிப்பியள். பாரமும் இல்லை, கழுத்தில தொங்கிறது தெரியாது. போக்கஸ் எடுக்கவும் பி யின்ர 41 மில்லி அடித்தளம் (போக்கஸ் பாக்கிற ரெண்டு யன்னலுக்கும் இடையில இருக்கிற தூரம்) எஃப் 3.5 க்குத் தாராளம், ஒண்டரை மீற்றரில முழுசாத் திறந்தால் ஒரு நாலஞ்சு சென்ரிமீற்றர்தான் தெளிவா நிக்கும், அது ஒரு முகத்துக்குக் காணும்.

இப்ப சனியனுக்கு வாறன். லென்ஸின்ர முன்வாயில பில்டர் முறுக்கிற புரி 34 மில்லி. 34! என்ர 50 எஃப் 1.8 க்கு 40, அதுவும் ஒரு விசர் அளவுதான் எண்டாலும் தேடினால் கிடைக்கும். 34 க்கு கஸ்தூரியார் றோட்டில இல்லை, ஆஸ்பத்திரி றோட்டில இல்லை, கொழும்பில கேட்டால் "அப்பிடி ஒரு சைஸ் இருக்கோ" எண்டு என்னட்டயே திருப்பிக் கேக்கிறான். சரி பில்டர் வேண்டாம், வெய்யில மறைக்க முன்னால கொழுவிற ஹூட் வேணுமே. அந்தக் காலத்துக் கோட்டிங், ஹூட் இல்லாட்டி வெளிச்சத்துக்கு நிண்டு பிடிக்காது. வல்வெட்டித்துறையில வாடைக்காத்துக்குப் பட்டம் கடல விட்டு ஊர்ப்பக்கமாச் சரியும், பின்னேர வெய்யில் நேர லென்ஸுக்க, ஹூட் இல்லாட்டி முழுப்படமும் பால் தெளிச்ச மாதிரி. ஒறிஜினல் ஹூட் வெளியில விக்கிறாங்கள், விலையப் பாத்தால் லென்ஸ விக்கிறானோ எண்டு திருப்பி வாசிக்கோணும். நான் கறுப்பு மட்டையச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டிருக்கிறன். மூடிக்குத் தைல டப்பி ஒண்டின்ர மூடி அளவா இறுகுது. லென்ஸத் திறந்தால் தடிமனுக்கு மருந்து பூசின வாசம், பாக்கிற சனம் சிரிக்குது.

அதைவிட முக்கியமானது புகை. இந்தக் காலத்துக் கெனன் புரி லென்ஸுகளில எண்ணெய் ஆவி பிளேட்டடிக் கண்ணாடியில படிஞ்சு புகை மாதிரி நிக்கும், கன காலம் விட்டால் கண்ணாடியையே தின்னும், பிறகு துடைச்சும் சரிவராது. என்ரதில இப்ப துடைச்சது போய்ட்டுது, ஆனா துப்பரவாக்கின ஆள் குவிய வளையத்தை விட்ட இறுக்கத்துக்கு ஒரு விரலால சுத்த ஏலாது, முதல் எவ்வளவு சுகமாச் சுத்தினது தெரியுமோ, அதைக் கதைச்சால் திரும்பக் கோவம் வரும். மாரி வந்தால் இஞ்ச பூஞ்சணமும் சேரும், காத்துப் போகாத டப்பாவில சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ, தோல் பைக்குள்ள வைக்காதேங்கோ.

தம்பி, உன்ர பெஸ்ஸாவுக்கு இது வேண்டாம். உன்ர பைண்டரில 35, 50, 75, 90 தான் கிடக்கு, 100 க்குக் கோடு இல்லை, அடித்தளமும், உன்ர பைண்டர் எல்லாத்தையும் சின்னனாக் காட்டிறபடியா, அந்த அளவால பெருக்கிப் பாத்தால் 25 மில்லிதான் வரும். வோய்க்லண்டர் 75 எஃப் 2.5 எடு, புரி 43, பில்டர் தேடலாம். காசு காணாட்டி பழைய லைக்கா எல்மார் 90 எஃப் 4, எஃப் 4 எண்டபடியா போக்கஸும் பயமில்லை, ஆனா எம் மவுண்ட் (புரி இல்லாமக் கொழுவிற வகை) எல்மார் உன்ர புரிக்கு ஏறாது, புரிக்காரன் தானோ எண்டு கேட்டு எடு.

பி வைச்சிருக்கிறாக்கள் கேட்டாலும் இண்டைக்கு வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், இந்த வளையத்தோட மல்லுக்கட்டிக் கை நோகுது. கேக்காம வாங்கப் போறியள் எண்டால் விக்கிறவனிட்டப் பின்பக்கத்தால டோர்ச் அடிச்சு, பிளேட் முழுசாத் திறந்த படம் ஒண்டு கேளுங்கோ, ஹூட்டும் மூடியும் சேத்துத் தருவியோ எண்டும் கேளுங்கோ. என்ரதை விக்கிறியளோ எண்டு இன்பொக்ஸில வராதேங்கோ, அடுத்த பொங்கலுக்கும் வேணும்.