அச்சில் வந்த பழுதும் காசில் பட்ட அடியும்
பினாங்கு நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தையில், பழைய காசு விற்கும் ஒருவர், பல்லாங்குழி பொறித்த பழைய மலேசியப் பத்து சென் காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, “ஆண்டைப் பாருங்க தம்பி, ரெண்டு ரெண்டா தெரியுது. டபுள் டை. எண்பது வெள்ளி (ரிங்கிட்)” என்றார். 1989-இல் தொடங்கிய இரண்டாம் வரிசைக் காசு அது; ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்ததும் உண்மைதான். ஆனால் இரட்டைத் தோற்றத்தில் இரு வகை உண்டு. விவரம் அறிந்த சேகரிப்பாளர் அவற்றில் ஒன்றுக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்.

ஒரு வகை, அச்சிலேயே உள்ள இரட்டை; ‘டபுள் டை’ என்பதும் கூடுதல் விலை பெறுவதும் இதுதான். காசு அடிக்கும் எஃகு அச்சைத் தயாரிக்கும்போது, உருவத்தைப் பதிக்கும் தாய் அச்சை அதன்மேல் ஒரு முறைக்கு மேல் அழுத்துவதுண்டு. இரண்டாம் அழுத்தம் மயிரிழை திரும்பி விழுந்தாலும் உருவம் இரண்டாகப் பதிந்துவிடும், அந்த அச்சில் அடிபடும் ஒவ்வொரு காசும் அதே இரட்டையைச் சுமந்து வரும். மற்ற வகை, காசு அடிக்கப்படும் கணத்தில் தளர்ந்திருந்த அச்சு சற்றே நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தை உரசிவிடுவதால் வருவது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பின் கீழ், விளக்கொளி சாய்வாக விழும்படி காசைத் திருப்பினால் வேறுபாடு தெரியும். அச்சு இரட்டையில் எழுத்து தடித்திருக்கும். இரு உருவங்களும் மேலே உருண்டு, எழுத்தின் மூலைகளில் சிறு பிளவு காட்டும். உரசல் இரட்டையிலோ எழுத்தின் ஓரத்தில் தட்டையான, பளபளக்கும் படி ஒன்று தாழ்வாக இருக்கும், அந்த அளவுக்கு எழுத்தே மெலிந்திருக்கும். என் கையிலிருந்த காசில் ‘9’ ஒரு பக்கமாகச் சீவிவிட்டதுபோல் இருந்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் காசுகள் சிலவற்றில் உள்ளதுபோல் வெறும் கண்ணுக்கே தெரியும் அச்சு இரட்டையை இன்றைய காசுகளில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. பல நாணயச் சாலைகள் ஒரே அழுத்தத்தில் அச்சைத் தயாரிக்கும் முறைக்கு மாறிவிட்டன.

காசின் குறுக்கே ஓடும் கோட்டில் குழப்பம் குறைவு, ஏனெனில் அச்சில் பள்ளமாக இருப்பதெல்லாம் காசில் மேடாக வரும். அச்சு விரிசல் விட்டால் உலோகம் அந்த இடுக்கில் புகுந்து காசில் புடைத்த கோடாகும்; விளிம்போரம் அச்சுத் துண்டே பெயர்ந்து போனால், உருவம் எதுவுமற்ற ஒரு மேடு விளிம்போடு ஒட்டி நிற்கும். சாவிக்கொத்தோடு பையில் கிடந்து பெற்ற கீறலோ உள்ளே இறங்கியிருக்கும். விரல் நகம் இதைச் சொல்லிவிடும் என்பார்கள். நான் நகத்தை நம்புவதில்லை, காசில் நகம் படுவதும் எனக்குப் பிடிக்காது.

எழுத்து மங்கியிருந்தால் அதைச் சுற்றியுள்ள வெளியைப் பார்க்க வேண்டும். அச்சுக் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால், எழுத்து காணாமல் போன இடத்திலும் புதுக்காசின் மினுக்கம் இருக்கும். கைமாறித் தேய்ந்த காசில் மேடான இடங்கள் எல்லாமே சேர்ந்து மழுங்கியிருக்கும்.

விளிம்பில் பிறைபோல் வெட்டுண்ட காசுதான் என்னை அதிகம் ஏமாற்றியது. தகட்டிலிருந்து, காசாகப் போகும் வட்ட வில்லைகளை வெட்டும்போது ஒரு வெட்டு முந்தைய துளையின்மேல் விழுந்தால் இயற்கையான பிறை வரும். அரம் கொண்டு ராவியும் அதைச் செய்யலாம். நான் முதலில் தராசைத்தான் நம்பினேன். இரண்டிலும் எடை குறையும் என்பதால் அது எதையும் பிரித்துக் காட்டவில்லை. பிறைக்கு நேர் எதிர்ப்புறம் உள்ள விளிம்புதான் சாட்சி: வில்லையின் ஓரத்தை உயர்த்தும் இயந்திரத்தில், வெட்டுண்ட பக்கம் அழுத்தம் கொடுக்காததால் எதிர்ப்பக்க விளிம்பும் சரியாக எழும்பாது. அங்கே விளிம்பு முழு உயரத்தில் நின்றால், மிகச் சிறிய பிறையாக இருந்தாலன்றி, அது அரத்தின் வேலை என்றே நான் ஒதுக்கிவிடுகிறேன்.